தீபத்தன்று விடுப்பில் சென்ற மருத்துவர்

சென்ற கார்த்திகை தீபம் முடிந்த மூன்றாம் நாள், நம் மருத்துவமனையின் ஆலோசனைப் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. தண்டராம்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, சர்க்கரை நோயால் காலில் புண் கண்ட தம் தாயாரைச் சேர்த்திருந்த மகன் எழுதியது. ஐந்து நாள்களாக ஒரே ஹவுஸ் சர்ஜன், ஓர் இளம்பெண், தம் தாயாரைக் கவனித்து வந்தார் என்றும், புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது தாயார் அவர் கையைத் தவிர வேறு கையை நாடியதில்லை என்றும், தீபத்தன்று காலையில் அவரைக் காணவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். விசாரித்தபோது, பண்டிகைக்காக ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்களாம். புதிதாக வந்த மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாராம். கடிதத்தின் நடுவில் ஒரு வரி: மருத்துவம் படிப்பவருக்குப் பண்டிகை எதற்கு?

அந்த வரியை நாங்கள் பலமுறை படித்தோம். விடுப்புக்குக் கையெழுத்திட்டவர்கள் நாங்கள்தாம். இம்மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பதோடு, பயிற்சிக்கு வரும் இளைஞர்களைப் பழக்கும் பொறுப்பும் எங்களுக்கு உண்டு. ஆகவே கேள்வி அந்தப் பெண்ணை நோக்கியதன்று, எங்களை நோக்கியது. இதற்கு நேரில் ஒரு விடை சொன்னோம். அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி கடிதம் எழுதாத பலர் மனத்திலும் இருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம்.

முதலில், புகாரில் இருந்த உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறோம். அந்தத் தாயார் மருத்துவமனைச் சோற்றை உண்பதில்லை. மகன் வெளியிலிருந்து கொண்டுவரும் கஞ்சியைத்தான் குடிப்பார். அதுவும் ஒருநாள் பன்னிரண்டுக்கு, ஒருநாள் ஒன்றரைக்கு. உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை, கஞ்சி வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே போடச் சொல்வது அந்தப் பெண்ணின் வழக்கம். ஊசி போட்டு உணவு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வயதானவர்களுக்கு அது உயிராபத்து. இந்த விவரம் அவர் மனத்தில் இருந்தது. கேஸ் ஷீட்டில் இல்லை. புதியவருக்கு அவர் எழுதிவைத்த குறிப்பு இரண்டே வரி. அன்று செவிலியர் ஒருவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, “கஞ்சி வந்துச்சாம்மா?” என்று கேட்டதால் பிழை நேரவில்லை. நேர்ந்திருக்கலாம்.

எனவே மகனின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணம் விடுப்பு அன்று. இரண்டு வரிக் குறிப்பு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பிரிக்காவிட்டால், மருத்துவர் வீட்டுக்குப் போவதே குற்றம் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். இந்நாட்டு மருத்துவக் கல்வி அந்த முடிவில்தான் நெடுங்காலம் வாழ்ந்தது.

அந்தப் பெண் எதற்காகப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் அனுமதி பெற்றே எழுதுகிறோம். ஆரணிப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பெண். மலையில் தீபம் ஏறிய பின்னரே வீட்டில் விளக்கேற்றுவது இம்மாவட்டத்துப் பழக்கம். அந்த வீட்டில் முதல் விளக்கைப் பேத்தி ஏற்ற வேண்டும் என்பது தாத்தாவின் விருப்பமாக இருந்தது. படிப்பில் சேர்ந்த முதலாண்டு உடற்கூறு தேர்வு. இரண்டாம் ஆண்டு தாத்தா இறந்தார். பேத்தி பல்கலைக்கழகத் தேர்வு எழுதி முடித்துப் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, தகனம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஏதோ ஒரு தேர்வு, ஏதோ ஒரு போஸ்டிங். ஐந்தாம் முறையாவது போய் வரட்டும் என்று நாங்கள் நினைத்ததில் தவறில்லை என்றே இன்றும் கருதுகிறோம்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. பிறகு முதுநிலைக்கான நுழைவுத் தேர்வு. அதில் இடம் கிடைக்க ஓரிரு ஆண்டுகள் காத்திருப்போர் உண்டு. கிடைத்தால் இன்னும் மூன்று ஆண்டு. பதினெட்டு வயதில் உள்ளே நுழைந்தவர் வெளியே வரும்போது முப்பதை நெருங்கிவிடுகிறார். மற்ற இளைஞர்கள் வேலைக்குப் போய், மணம் முடித்து, பெற்றோரைத் தாங்கத் தொடங்கும் காலம் முழுவதும் இவர்களுக்கு வார்டிலும் நூலகத்திலும் கழிகிறது. கடவுளை நம்புவதா வேண்டாமா என்று ஒருவர் தமக்குத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் வயதும் அதுவே. யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் வயதும் அதுவே. பெற்றோருக்கு முதன்முதலாக முட்டிவலியும் இரத்த அழுத்தமும் தோன்றும் காலமும் அதுவே.

அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிறகு, முன்பு இக்கல்லூரிகளின் வாசலைக்கூடப் பார்த்திராத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வரவேற்க வேண்டியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சுமப்பது இரட்டைச் சுமை. தமிழில் படித்துவிட்டு வந்து ஆங்கில நூல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அதே வேளையில் ஊரில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் தொலைபேசி அவருக்குத்தான் வரும். “நம்ம புள்ள டாக்டருக்குப் படிக்குது” என்று ஊரார் சொல்லும்போது அதில் இருக்கும் பெருமையும் பாரமும் ஒன்றே. இன்னொரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதும் அவர்களின் நலத்தைக் கவனித்து வர வேண்டும். உங்களில் சிலர் வீட்டுக்கும் அப்படி மாணவர்கள் வந்திருக்கலாம். நல்ல திட்டம், நாங்கள் அதை ஆதரிப்பவர்கள். ஆனால் தத்தெடுத்த குடும்பத்துப் பாட்டியின் இரத்த அழுத்தத்தை மாதந்தோறும் குறித்துவைக்கும் மாணவர், தம் சொந்தப் பாட்டியைப் பொங்கலுக்குப் பொங்கல்கூடப் பார்க்க முடியவில்லை என்றால், அதில் ஏதோ கோணலாக இருக்கிறது.

“அந்தக் காலத்து மருத்துவர்கள் எல்லாம் தியாகிகள், வீடு வாசல் பார்த்தார்களா?” என்று கேட்போருக்கு நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தெரியாதவர் இம்மாவட்டத்தில் இரார். அதை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் மருத்துவ ஊழியர்கள். ஆனால் தாம் மருத்துவராவதில் அவருக்கு விருப்பமே இருந்ததில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயாருக்கு உடல்நலம் குன்றியது என்று கேட்டு அவரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். அதாவது, இன்று உங்களில் பலர் இருப்பதைப் போல, நோயாளியின் கட்டிலருகே இருக்க வந்த மகள். அங்கே ஒரே இரவில், பேறுகால வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து அவரை அழைத்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. அவருக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுக்குப் பிறகே அவர் மருத்துவம் படிக்கத் தீர்மானித்து, 1899இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை வேலூரில் தொடங்கினார்.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். இதற்கு அப்பால் சொல்லாமல் விடுவதுதான் எங்களுக்கு முக்கியம். ஐடா அம்மையார் டென்னிஸ் ஆடுவதில் பெருவிருப்பம் உடையவர். தலை நரைத்த பிறகும் ஆடினார். ரோஜாச் செடிகள் வளர்த்தார். கோடை வந்தால் கோடைக்கானல் மலைக்குச் செல்வார். 1960இல் அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். நாள்தோறும் தொழுதார். வெயில் பாராமல் சாலையோரங்களில் வண்டியை நிறுத்தி நூற்றுக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்ததும் இதே பெண்மணிதான். அவர் ஆடிய டென்னிஸ், எந்த நோயாளியின் நேரத்திலிருந்து திருடப்பட்டது? நெடுங்காலம் ஒரே பணியில் கசந்துபோகாமல் இருந்ததற்கு அந்த மட்டைக்கும் அந்த ரோஜாக்களுக்கும் பங்கு உண்டு என்றே நாங்கள் நம்புகிறோம்.

முத்துலட்சுமி ரெட்டியையும் நினைக்கலாம். புதுக்கோட்டையில் பிறந்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றவர். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணக்கும் முன்னரே, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவர் ஏற்றார். அதன்பின் சட்டமன்றம், அவ்வை இல்லம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று நூறாண்டு கழித்தும், படிப்பை முடிக்கும் எங்கள் மாணவிகளில் எத்தனை பேர் அப்படி ஒரு நிபந்தனையை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது? பயிற்சி ஆண்டு முடிவதற்குள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு உறவினர் வந்துவிடுகிறார்கள். “மேல்படிப்பைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார்கள். பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. மாணவர் காதலித்தாலோ, வீட்டார் எங்களையே தொலைபேசியில் அழைத்துக் கண்டிக்கச் சொல்கிறார்கள். அதை நாங்கள் செய்வதில்லை. மனத்துக்குப் பிடித்த ஒருவரோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்த மாணவர் அன்று மாலை நோயாளியிடம் முகம் சுளிப்பதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த உறவு உடைந்தபோது, யாரிடமும் சொல்ல முடியாமல் தேர்வறையில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தவரையும் கண்டிருக்கிறோம். ஆகவே உறவு வேண்டாம் என்று சொல்வதைவிட, மறைக்க வேண்டியதில்லை என்று சொல்வதே எங்கள் வழி.

எதிர்ச்சான்றையும் மறைக்கலாகாது. மருத்துவர் சாந்தா 1955இல் அதே அடையாறு மருத்துவமனையில் சேர்ந்து, மணம் செய்துகொள்ளாமல், அவ்வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரியில் தம் 93ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு மருத்துவமனையே வீடு. அவரை வணங்குகிறோம். ஆயினும் அது அவர் தேர்ந்துகொண்ட வாழ்வு. ஒருவர் தாமே தேர்ந்ததை எல்லார்மேலும் விதியாக ஏற்றினால், சாந்தாக்கள் உருவாவதில்லை. களைத்துப்போன, எரிச்சல் மிகுந்த மருத்துவர்கள்தாம் உருவாகிறார்கள்.

களைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது மருத்துவரின் நலம் பற்றிய செய்தி மட்டுமன்று. உங்கள் உயிர் பற்றியது. 1984இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் சில மணி நேரத்திலேயே இறந்தார். அவரைப் பார்த்தவர்கள் நெடுநேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அவருடைய தந்தை விடாது போராடியதன் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003இல் அது அந்நாடு முழுமைக்கும் பரவியது. கவனியுங்கள்: மருத்துவருக்கு ஓய்வு வேண்டும் என்று போராடியவர் மருத்துவர் அல்லர், நோயாளியின் தகப்பனார்.

நம் நாட்டில் வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992இலேயே முதுநிலைப் பயிற்சியாளருக்கு வகுத்துவிட்டது. தாளில் இருக்கிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48 என்று எழுதிய நாடு, 32 ஆண்டு கழித்து 74ஆவது கிடைக்கட்டும் என்று கேட்கிறது என்றால், நடைமுறை எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே குழு கேட்டறிந்த 25,590 இளநிலை மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர், தமக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகத் தெரிவித்திருந்தனர்.

எங்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் முதுநிலைப் பயிற்சியில் இருந்தபோது, முப்பது மணி நேரம் தூங்காமல் இருந்த விடியற்காலையில், ஒரு குழந்தைக்கு மருந்தளவு எழுதினார். புள்ளி ஒன்று விடுபட்டுப்போயிற்று. அரை என்பது ஐந்து ஆயிற்று. மூத்த செவிலியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல், தாளைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார். அவர் அப்போது சொன்னது: “டாக்டர், முகத்தைக் கழுவிட்டு வந்து இன்னொரு தடவை எழுதுங்க.” அந்தக் குழந்தை நலமாக வீடு திரும்பியது. எழுதியவர் அன்றிரவும் பணியில் இருந்தார். அந்த வரியை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

ஓய்வு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மருத்துவர் மாறும்போதெல்லாம் செய்தி கைமாற வேண்டும், கைமாறும்போது சிந்தும். தண்டராம்பட்டு மகன் கண்டது இதைத்தான். இதற்கும் மருந்து உண்டு. அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளில், பொறுப்பை ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்திப் பயிற்சி அளித்தபோது, மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கூடுதல் கருவி இல்லை, கூடுதல் ஆள் இல்லை. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது, அவ்வளவே.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு எங்கள் வார்டுகளில் ஒன்றை மாற்றினோம். பணி முடித்துப் போகிறவரும் புதிதாக வருகிறவரும் கட்டிலருகே சேர்ந்து நின்று, நோயாளியும் உடனிருப்பவரும் கேட்கும்படி தமிழில் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். “இந்த அம்மா மதியக் கஞ்சி வந்த பிறகுதான் சாப்பிடுவாங்க” என்பதும் அதில் அடக்கம். விட்டுப்போனதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம், சொல்ல வேண்டும். சில மருத்துவர்களுக்கு இது முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு மூத்தவர், இதனால் ரவுண்ட்ஸ் நீளுகிறது என்று இன்னும் முணுமுணுக்கிறார். நீளட்டும்.

சமய நம்பிக்கையைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மருத்துவருக்கு வார்டே கோயில், தனியாகப் பண்டிகை எதற்கு என்பவர் எங்களிலும் ஒருவர் உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் அவர் வீட்டில் எல்லாப் பண்டிகையும் அவர் மனைவி கொண்டாடிவிடுகிறார் என்பதை நாங்கள் அவருக்கு நினைவூட்டுவதுண்டு. கடவுள் நம்பிக்கையே இல்லாத மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாலையில் கபடியோ கேரம் பலகையோ சாத்தனூர் அணைக்கு ஒரு நடையோ போதும். அதையும் நாங்கள் அதே கணக்கில்தான் வைக்கிறோம். நோன்புக் காலத்தில் இரவுப் பணியில் இருக்கும் இசுலாமிய மாணவர்க்கு, விடியுமுன் உண்ண அரைமணி நேரம் கொடுக்க இன்னொருவர் வந்து நிற்பார். தீபத்தன்று ஆரணிப் பெண்ணுக்காக நின்றவர், நீங்கள் ‘எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டவர்’ என்று குறைபட்ட அந்த மருத்துவர், ஒரு கிறித்தவர். அடுத்த சில நாள்களில் கிறிஸ்துமஸ் வந்தது. அவர் ஊருக்குப் போனார். அந்தப் பெண் இரு வார்டுகளையும் பார்த்துக்கொண்டார். இந்த ஊரில் பல சமயத்தாரும் ஒருவர் பண்டிகையை ஒருவர் தாங்குவது புதிதன்று. பட்டியல் போடும் எங்களுக்குத்தான் அது சற்றுத் தாமதமாகப் புரிந்தது.

நம்பிக்கையையும் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்துவோர்க்கும் ஒரு சொல். மலையைச் சுற்றினால் போதும், மருந்து எதற்கு என்று கட்டிலருகே வந்து உபதேசிக்கும் உறவினர் இவ்வூரில் அடிக்கடி தென்படுவர். 1896இல் பதினாறு வயதில் இம்மலையடிக்கு வந்து, வாழ்நாள் முழுதும் இதைவிட்டு அகலாதிருந்த இரமண மகரிஷிக்கு, இடக்கையில் புற்றுக்கட்டி கண்டபோது 1949இல் மருத்துவர்கள் நான்குமுறை அறுவை செய்தனர். அவர் அவர்களைத் தடுக்கவில்லை.

இன்னொன்று உங்களுக்கு வருத்தம் தருவதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் தம் உயிருக்குயிரானவர் மூச்சுக்குப் போராடும்போது, வெளியே தேநீர்க் கடையில் இளம் மருத்துவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது. அந்தக் காட்சி சுடும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வார்டு வாசலில், நோயாளிகள் காணும் இடத்தில் அப்படிச் சிரிப்பதைக் கண்டிக்கவும் செய்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பு அலட்சியம் அன்று. ஒரு மணி நேரத்துக்கு முன் அவர்களில் ஒருவர் ஒரு மரணத்தை உறவினரிடம் அறிவித்துவிட்டு வந்திருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்கள் வீட்டாருக்கு ஊசிக்குழாய் செருக வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தேநீர். அதே வேளையில், பணி நேரத்தில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ‘எனக்கும் ஓய்வு வேண்டாமா?’ என்று கேட்பவருக்கு நாங்கள் பரிந்து பேச மாட்டோம். அது ஓய்வுமன்று, பணியுமன்று.

உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி 1948இல் எழுதப்பட்டது. நோயாளியை, ஆசிரியரை, தொழிலைப் பற்றி எல்லாம் அதில் இருந்தது. மருத்துவர் தம்மைப் பேண வேண்டும் என்பது மட்டும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இல்லை. 2017இல்தான் சேர்த்தார்கள். நல்ல சிகிச்சை தருவதற்காகத் தம் உடல்நலத்தையும் மனநலத்தையும் கவனித்துக்கொள்வேன் என்பது இப்போது உறுதிமொழியின் பகுதி. நம் பாடத்திட்டத்திலும் 2019 முதல், முதலாண்டின் தொடக்கத்தில் அடிப்படைப் பயிற்சி ஒன்று வைத்து, அதில் விளையாட்டுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரம் முதல் மாதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது எங்கள் வாதம்.

மீண்டும் கடிதத்துக்கு வருகிறோம். அந்த மகனை அழைத்துப் பேசியபோது தெரியவந்தது: தாயாரைச் சேர்த்த நாள் முதல் ஆறு இரவுகள் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறார். ஒரு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. மாற்றிவிட ஆள் இல்லை. தம்பி திருப்பூரில் வேலை. அவருடைய இரத்த அழுத்த மாத்திரை நான்கு நாளாக வீட்டிலேயே இருக்கிறது. தீபத்தன்று வீட்டில் மனைவியும் குழந்தைகளும் தனியாக விளக்கேற்றினார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவர் தீபத்தைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கவில்லை.

அவர் கேள்வியின் ஒரு பாதியாவது தம்மையே நோக்கியது என்று எங்களுக்குத் தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. தாம் போக முடியாத இடத்துக்கு இன்னொருவர் போனது அவரை வருத்தியதில் வியப்பில்லை. ஆனால் அவரும் போயிருக்க வேண்டும். போகும்படி நாங்கள் செய்திருக்க வேண்டும். அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு, ‘முதலிலிருந்து கேட்ட’ அந்த மருத்துவர், “அண்ணே, நீங்க மாடிக்குப் போயிட்டு வாங்க, அம்மாகிட்ட நான் இருக்கேன்” என்று அவரை அனுப்பியிருக்கிறார். ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறியதை அவர் மொட்டைமாடியில் மற்ற உடனிருப்போரோடு நின்று பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார். இதை அவர் கடிதத்தில் எழுதவில்லை. நேரில், கிளம்பும்போது சொன்னார்.

வருகிற தீபத்துக்கான பணிப்பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டோம். இம்முறை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மட்டுமன்று, உங்களுக்கும் அதில் இடம் உண்டு. தீபத்தன்று மாலை அரைமணி நேரம், கட்டிலருகே உங்களுக்கு மாற்றாக இருக்கப் பயிற்சி மாணவர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். மாடிக்குப் போக விரும்புவோர் முந்தைய நாள் பிற்பகல் நான்கு மணிக்குள் வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். நோயாளி எப்போது என்ன உண்பார், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது, எதற்கு அஞ்சுவார் என்பவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி, உங்கள் இடத்தில் இருக்கப்போகும் மாணவரிடம் கொடுங்கள். எழுத இயலாதோர் வாயால் சொன்னால் போதும். மாணவர் எழுதிக்கொண்டு, உங்களுக்குத் திருப்பிப் படித்துக் காட்டுவார். மாடிப்படியில் கூட்டம் சேராதபடி இருபது இருபது பேராக அனுப்புவோம். மலையில் தீபம் பதினொரு நாள் எரியும்; அன்று போக முடியாதவர்கள் அடுத்தடுத்த மாலைகளிலும் கேட்கலாம்.